ரோசால்பாவுக்குப் போட்ட கம்பி

வண்டிப் பாதை என் கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எல்லாம் படிதான். இந்த மலைச் சரிவில் நாங்கள் குடியேறிய காலத்தில் படிகூட இல்லை; மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. பிறகு நாங்களே போட்டுக்கொண்ட படிகள் இவை. அவரவர் வீட்டு முன்னால் அவரவர் மனம்போலப் போட்டதால் ஒரு படி சாண் உயரம் இருக்கும், அடுத்தது முழங்காலில் வந்து இடிக்கும். கீழே மெதெயீன் நகரத்தில் ரயில் ஓடுகிறது, மலை மேலே கம்பியில் தொங்கியபடி ஆட்களை ஏற்றிக்கொண்டு தொட்டி ஓடுகிறது. எங்கள் பேட்டைக்கு இன்னும் அவரவர் கால்தான்.

அந்தக் காலும் ஒன்று போய்விட்டது ரோசால்பாவுக்கு. சர்க்கரை வியாதியில் முதலில் கால் போயிற்று, பின்னாலேயே சிறுநீரகமும். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் நகரத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டி தர முடியாது என்றார்கள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கை நூபியா அலுவலகம் அலுவலகமாக அலைந்து, நீதிபதியிடம் மனுக் கொடுத்து, ஆணை வாங்கி அந்த வண்டியைக் கொண்டுவந்தாள். 'வீட்டிலிருந்து சிகிச்சைக்கும், சிகிச்சையிலிருந்து வீட்டுக்கும்' என்றுதான் நீதிபதி எழுதியிருந்தார். நல்ல மனிதர், எங்கள் படியைப் பார்த்ததில்லை. வண்டிக்காரர்களோ வீடு என்றால் ரோடு முடிகிற இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக, ரோசால்பாவின் வீடு காகிதத்தில் என் கடை ஆகிவிட்டது.

வண்டி தானாக வந்துவிடாது. ஒவ்வொரு தடவையும் முந்தின நாளே போன் செய்து வருவதை உறுதி செய்ய வேண்டும். நூபியா அரேபா தட்டி விற்கிறவள். மக்காச்சோள மாவை உருட்டி, தட்டி, சுட்டு, என் கடை போன்ற கடைகளுக்குக் கொடுப்பாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மாவு தட்டிக்கொண்டேயிருப்பாள். காத்திருக்கச் சொல்லிப் போனில் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். அந்தப் பாட்டு என் கடை ஈக்குக்கூட மனப்பாடம். ஒரு நாள் என் கடை முன்னால் உட்கார்ந்து பேசியது இது. அந்தப் பக்கம் புதுப் பெண் போலிருக்கிறது.

"நோயாளி நடப்பாங்களா, சக்கர நாற்காலியா, படுத்த நிலையாம்மா?"

"நாற்காலிதான். ஆனா சக்கரம் இல்லாத நாற்காலி. எங்க படியில சக்கரம் உருளாது கண்ணு."

"அப்படி ஒரு வகை இங்க இல்லையேம்மா."

"அப்ப சக்கர நாற்காலின்னே போட்டுக்கோ."

"அப்படின்னா சாய்பலகை வெச்ச பெரிய வண்டிதான் அனுப்பணும். அது உங்க ரோட்டுக்குள்ள வராதுன்னு இங்க போட்டிருக்கே."

"சரி, நடப்பாங்கன்னு போட்டுக்கோ."

"நடக்கிறவங்களுக்கு வண்டி கிடையாதும்மா. பஸ்லதான் போகணும்."

நூபியா போனைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். திட்டவில்லை. களைத்துப்போன குரலில், "கண்ணு, எங்க அக்காவை நாலு பேரு தூக்கிட்டு வருவாங்க. உன் வண்டிக் கதவைத் திறந்தா போதும், உள்ள நாங்களே வெச்சிடுவோம். இதுக்கு என்ன பேரு வேணுமோ நீயே வெச்சுக்கோ" என்றாள். அந்தப் பெண் மறுபடியும் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

தூக்குகிற நாற்காலி என்னுடையதுதான். பீர் குடிப்பவர்கள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு பக்கமும் மூங்கில் கழி கட்டி, பழைய பெல்ட்டால் ரோசால்பாவை அதோடு சேர்த்து இறுக்குவார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். ரோசால்பா ஒன்றும் பூஞ்சை உடம்புக்காரி இல்லை. வாயும் அப்படித்தான்.

"மெதுவாடா. புனித வாரத்துல மாதா சிலையைத் தூக்குறப்ப மட்டும் பூ மாதிரி தூக்குறீங்க. நான்னா செங்கல் மூட்டையா?"

"மாதா வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளிய வர்றாங்க அக்கா" என்பான் ஹைரோ. "அவங்களுக்கு ஊசி போட வேண்டியதில்ல. முக்கியமா, அவங்க பேசுறதில்ல."

ஹைரோ இரவுக் காவல்காரன். வேலை முடிந்து நேராக வந்து தோள் கொடுப்பான், பிறகுதான் தூக்கம். ஆரம்பத்தில் தூக்க ஆள் நான் நீ என்று வந்தார்கள். மாதங்கள் போகப் போக அது குறைந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவன் வேறு பேட்டைக்குக் குடிபோனான், ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, ஒருவனுக்கு அதிகாலை ஷிப்ட். முந்தின மாலையே நூபியா ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் போய், சூடான அரேபாவைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "நாளைக்குக் கொஞ்சம் வந்துடுங்க" என்று நிற்பாள். வண்டியை உறுதி செய்வது ஒரு பாதி வேலை, தோள்களை உறுதி செய்வது மறுபாதி. சுமக்கிறவர்களின் மூச்சுச் சத்தம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் முதலில் கேட்கும். ரோசால்பாவின் கிண்டல் மெல்ல மெல்ல நின்றுபோனது. அதற்குப் பதிலாகச் சாக்குச் சொல்ல ஆரம்பித்தாள். மழை பெய்கிறது, ஹைரோவுக்குத் தும்மல், தலை சுற்றுகிறது, வெள்ளிக்கிழமை சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். நூபியா காதில் வாங்காமல் பெல்ட்டை இறுக்குவாள்.

ஒரு மழை நாளில் உடைந்த படியில் ஹைரோ சறுக்கி, ரோசால்பா நாற்காலியோடு சாய்ந்துவிட்டாள். அடி பெரிதில்லை. ஆனால் பேட்டைக்கே சுருக்கென்று தைத்தது. எங்கள் பேட்டைச் சபைத் தலைவர் ஆர்கிமீதெஸ் மாதாக் கோவில் வாசலில் கூட்டம் போட்டார். பல் விளக்குவதைக்கூடக் கூட்டம் போட்டுத்தான் சொல்கிற ஆள்.

"நம்ம ரோசால்பா இந்தப் பேட்டையில நடந்த ஒவ்வொரு கூட்டு வேலைக்கும் சமைச்சுப் போட்டவங்க. அவங்க கையால சாப்பிடாத ஆள் இங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கையும் உயரவில்லை.

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டு வேலை. அவங்க வீட்டுலேர்ந்து லிபார்தோ கடை வரைக்கும் படியைப் புதுசாப் போடுறோம். கைப்பிடிக் கம்பியும் போடுறோம்."

லிபார்தோ நான்தான். சிமெண்ட் என் கடை வழியாக வந்தது. மணல் ஓடையிலிருந்து. கம்பி, ஆர்கிமீதெஸின் மச்சான் கொடுத்தது; கடற்கரைப் பக்கத்தில் வேலை செய்கிற வெல்டர், அந்த ஒரு நாளுக்காக வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேட்டை முழுக்கத் தெருவில் இறங்கிவிட்டது. பெண்கள் வாளி வாளியாகக் கலவையைக் கைமாற்றினார்கள். வாழைக்காய், கிழங்கு, சோளம், கோழி எல்லாம் போட்டு அண்டாவில் சங்கோச்சோ கொதித்தது. அதன் மணத்துக்கே இரண்டு ஆள் வேலை கூடுதலாக நடக்கும். நூபியாகூட அன்றைக்குச் சிரித்தாள்.

கம்பியை எங்கே போடுவது என்று ஒரு நிமிஷம்கூட யாரும் யோசிக்கவில்லை. நடுவில்தான். மேல் பேட்டையில் நகராட்சி போட்டுக் கொடுத்த படிகளில் கம்பி நடுவில்தான் இருக்கிறது, மஞ்சள் பெயின்ட் அடித்து. நகராட்சிப் படி மாதிரி நமக்கும் ஒன்று வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் பல வருஷ ஏக்கம். ஒரு பக்கம் வீட்டுக் கதவுகள், மறுபக்கம் சாக்கடை, ஆகவே நடுவில் போடுவதுதான் முறை என்று ஆர்கிமீதெஸ் விளக்கமும் சொன்னார். முட்டுக்கம்பி நடக் குழி தோண்டியது யார் தெரியுமா? ஹைரோ. வாரம் மூன்று தடவை அந்தப் படியில் நாற்காலியோடு இறங்குகிற அதே ஹைரோ. சாயங்காலம் மஞ்சள் பெயின்ட் அடித்து, அடுத்த ஞாயிறு பாதிரியார் வந்து புனித நீர் தெளிப்பதற்காக நீலத் துணியில் பூவும் கட்டியாயிற்று. அன்றைக்கு எங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மறுநாள் திங்கட்கிழமை.

வண்டி வந்து நின்றது. மேலே ரோசால்பாவை நாற்காலியில் வைத்து, பெல்ட் கட்டி, நாலு பேரும் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். முதல் படியில் வந்து நின்றார்கள். நின்றபடியே இருந்தார்கள்.

கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் போகலாம். அந்தப் பக்கம் ஒரு ஆள் போகலாம். நாற்காலி எந்தப் பக்கமும் போகாது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பாரு" என்றான் ஒருவன்.

"என்னை என்ன பீரோன்னு நெனச்சியா?" என்றாள் ரோசால்பா.

கம்பிக்கு மேலாகத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், கழி தலைக்கு மேலே, ரோசால்பா கம்பிக்கும் மேலே அந்தரத்தில். திருப்பத்துக்கு வருவதற்குள் ஹைரோவின் பிடி நழுவிவிட்டது. நாற்காலி சரிய, ரோசால்பா இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நீலப் பூ கசங்கி அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. முதுகில் சுமக்கிறேன் என்றான் ஹைரோ; ஊசி குத்துகிற கையை அழுத்தினால் நரம்பு அடைத்துக்கொள்ளும் என்று நூபியா கத்தினாள். கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். அடுத்து அவன் ஏற்ற வேண்டிய நோயாளி வேறொரு பேட்டையில் காத்திருக்கிறார். நான் போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"அண்ணே, நான் என்ன பண்றது? மேல ஏறி வந்து தூக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. காத்திருந்தா அங்க ஒருத்தருக்கு நேரம் போயிடும். அவரும் மனுஷன்தானே?"

போய்விட்டான். நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவனிடம் சண்டை போடக்கூட முடியாது.

நூபியா அன்று பூரா போனில் இருந்தாள். நோயாளி தயாராக இல்லை என்று வண்டிக் கணக்கில் பதிவாகிவிட்டதாம். மாற்று வண்டி கிடையாது, அடுத்தது புதன்தான். மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். "திணறுறதுக்கு முன்னாடி கூப்பிட்டா வராதா?" என்று கேட்டாள் நூபியா. பதிலுக்குப் பாட்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை பகலில் நான் வெல்லத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே போனேன். நூபியா அதை வாங்கி அப்பால் வைத்துவிட்டாள். அக்காவுக்குத் தண்ணீர் அளவாகத்தான் தர வேண்டும் என்பது பதற்றத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. ரோசால்பாவின் முகம் உப்பியிருந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். ஆர்கிமீதெஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பாதிரியார் வர்றார் நூபியா. கவுன்சிலரும் வர்றேன்னிருக்கார். அது முடியட்டும். மச்சான் கடற்கரையிலிருந்து திரும்பி வந்ததும் கம்பியைச் சாக்கடை ஓரமா மாத்திப் போட்டுடலாம்."

"உங்க மச்சான் எப்ப வருவாரு?"

"அடுத்த மாசம்னு..."

"எங்க அக்கா அடுத்த மாசம் இருப்பாளா, அதைக் கேட்டீங்களா அவர்கிட்ட?"

ரோசால்பா கையை உயர்த்தினாள். "அவரைத் திட்டாதே. கம்பி இருக்கட்டும். நேத்துச் சாயங்காலம் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். நம்ம கீழ்வீட்டுத் தோபியாஸ் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தையா இறங்கிக் கடைக்குப் போனார். கண்ணு மங்கினதுலேர்ந்து அவரு வெளிய வந்ததே இல்ல. அந்த மனுஷன் திரும்பி வர்றப்ப விசில் அடிச்சிட்டு வந்தார்டி. அதை அறுக்கச் சொல்றியா?"

ஆர்கிமீதெஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். நூபியா மட்டும் கலங்கவில்லை. அடுப்பிலிருந்த அரேபாக்களைத் திருப்பிப் போட்டுவிட்டு, மாவுக் கையோடு வந்து அக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

"தோபியாஸுக்காகத்தான் சொல்றியா?"

"வேற யாருக்காக?"

"உனக்காக. மழை பெஞ்சா மழையைச் சொன்னே. ஹைரோ தும்மினா தும்மலைச் சொன்னே. இப்ப கம்பி கிடைச்சிருக்கு. அதுவும் நல்ல கம்பி, பேட்டையே போட்டுக் கொடுத்த கம்பி. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது. இதைப் பிடிச்சுக்கிட்டே போய்ச் சேந்துடலாம்னு பாக்குறே."

ஆர்கிமீதெஸ் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். கிளம்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

"ஆமா" என்றாள் ரோசால்பா கடைசியில். "களைச்சுப் போச்சு நூபியா. ஊசியால இல்ல. அந்தப் பையங்க தூக்குறப்ப மூச்சு வாங்குது பாரு, அது என் காதுலயே கேக்குது. நீ கதவு கதவா அரேபா கொண்டுபோறே. நான் எத்தனை நாள்தான் மூட்டையா இருக்கிறது? நீ மட்டும் என்ன, உனக்குக் களைப்பு இல்லையா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு. நீ மூட்டைதான், நான் இல்லேங்கல. ஆனா யாரு தூக்கணும், எப்ப எறக்கி வைக்கணும்னு சுமக்கிறவங்கதான் சொல்லணும். மூட்டை சொல்லக் கூடாது."

எழுந்து இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "லிபார்தோ, உங்க கடையில இரும்பு அறுக்கிற ரம்பம் இருக்கா?"

இருந்தது. அதைக் கொடுக்கும்போது ஆர்கிமீதெஸ் என்னை முறைத்தார். நான் கடைக்காரன், கேட்டால் கொடுப்பவன்.

நூபியா தன் வீட்டு வாசலில், முதல் முட்டுக்கம்பி அருகில் உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தாள். இரும்புக் குழாய் லேசில் அறுபடுகிற பொருளா? ரம்பம் வழுக்கிற்று, பெயின்ட் உரிந்தது, கம்பி ஆடி ஆடிக் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் படி நெடுக இறங்கியது. கதவுகள் திறந்தன. யாரும் கிட்டே வரவில்லை. போன ஞாயிறு எல்லோரும் சேர்ந்து நட்டது. அதை ஒருத்தி உட்கார்ந்து அறுக்கிறாள். கோபப்படுவதா, உதவுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இருபது வருஷம் மாவு பிசைந்த கைதான், ஆனாலும் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

அப்போது தோபியாஸ் கீழிருந்து ஏறி வந்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு. கம்பி கையில் அதிர்வது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் வந்தார்.

"யாரது? என்ன பண்றீங்க?"

"நூபியாதான். கம்பியை அறுக்கிறேன். அக்காவை எறக்க முடியல."

தோபியாஸ் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அவள் பக்கத்துப் படியில் சிரமப்பட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடுதுல்ல, அதான் அறுபடல. நான் பிடிச்சுக்கிறேன். இப்ப அறு."

முதல் கம்பி அப்படித்தான் விழுந்தது. அது படியில் உருண்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஹைரோ எழுந்து, அரைக்கால் சட்டையோடு வெளியே வந்து பார்த்தான். நேராகக் கீழே போய் மெக்கானிக் ஷெட்டிலிருந்து வெட்டுகிற மிஷினை வாங்கிக்கொண்டு வந்தான். வயரை யார் வீட்டிலிருந்து எடுப்பது என்று கேட்டபோது, "என் வீட்டுலேர்ந்து எடுங்கப்பா" என்று முனகினார் ஆர்கிமீதெஸ். நீலத் துணியை மட்டும் கவனமாக அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பாதிப் படி வெட்டி முடித்திருப்பார்கள். மேலே பார்த்தால் ரோசால்பா வாசற்படியில் இருக்கிறாள். கட்டிலிலிருந்து தரையோடு நகர்ந்து, நகர்ந்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். மூச்சு வாங்கி முடிக்க வெகு நேரம் பிடித்தது. எல்லோரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அடே ஹைரோ, கம்பியைத் தரையோட சேத்து வெட்டுடா. இப்படிக் குச்சி குச்சியா விட்டா நாளைக்கு நீங்க தடுக்கி விழுறதோட என்னையும் சாய்ப்பீங்க. தோபியாஸுக்கு வீட்டுச் சுவரோரமாக் கயிறு கட்டுங்க, நல்ல தடிமனான கயிறா. லிபார்தோ கடையில இருக்கும். சும்மாதான் வெச்சிருக்கான்."

கயிறு கட்டினோம், கதவு கதவாக, பிடித்துக்கொள்ள இடையிடையே முடிச்சுப் போட்டு. அந்த மாலை யார் வீட்டுக்கும் நூபியா அரேபா கொண்டுபோகவில்லை. கொண்டுபோக நினைத்திருந்தாலும் மாவு தட்டுகிற நிலையில் கைகள் இல்லை.

புதன்கிழமை நாற்காலி இறங்கிற்று. பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. அதே மூச்சு, அதே முனகல், கிண்டல்கூட இல்லை. ரோசால்பா உப்பிப்போய் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தோள் கொடுத்தவர்களில் ஆர்கிமீதெஸும் இருந்தார், அவர் பக்கம் மட்டும் நாற்காலி தாழ்ந்தே வந்தது. அவளை வண்டியின் பின் இருக்கையில் ஏற்றினோம். நூபியா பக்கத்தில் ஏறி, துணி சுற்றிய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கதவை நான் சாத்துவதற்குள் தூங்கிவிட்டாள். தலை அக்காவின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை வருவீங்களாம்மா? தங்கச்சி இன்னும் போன் பண்ணலை போலிருக்கு. நானே சொல்லி வெச்சிடுறேன். வந்துட்டு மறுபடியும் வெறும் வண்டியா போகக் கூடாது பாருங்க."

ரோசால்பா கண்ணைத் திறந்தாள். தோளில் இருந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மெல்லப் பேசுப்பா" என்றாள். "வருவேன்னு சொல்லு. இவ என்னை எறக்கி வைக்கிற வரைக்கும் வருவேன்."